கீழ்பஜாருக்கு நல்ல பேர்

தீர்மானம் எண் நான்கு:
கீழ்பஜாருக்கு நல்ல பேர் வாங்கித் தருவது.
சங்கத்தில் பதினோரு கையெழுத்து.
பன்னிரண்டாவது நான்,
ஜெசிந்தா, குடை ரிப்பேர் மற்றும் ஸ்வெட்டர்.

கோவையிலிருந்து வந்த பையன்
எங்கள் தெருவை எங்களுக்கே திரையில் காட்டினான்.
சாக்கடை. துருப்பிடித்த ஷட்டர்கள்.
தபால் பெட்டியடியில் சுருண்டிருக்கும் நாய்.
"ஊட்டிக்குப் போற வண்டி ஏன் இங்க நிக்கிறதில்லைன்னு
இப்பப் புரியுதா?"
புரிந்தது போல் தலையாட்டினோம்.
ஹம்சாக்கா மட்டும்,
"அந்த நாய் செத்து ரெண்டு வருசமாச்சே தம்பி."

பிலிம் ஃபாக்டரி ஓடிய நாளில்
இந்தத் தெருவுக்கு யாரும் பேர் தேடவில்லை.
சங்கு ஊதினால் கூட்டம், அவ்வளவுதான்.
விடிகாலை ஆறு மணிக்கு
இருட்டிலிருந்து வெளியே வந்தவர்கள்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு போண்டா தின்றார்கள்.
அதில் நானும் ஒருத்தி. பத்தொன்பது வருடம் ஸ்லிட்டிங்கில்.
விளக்கே இல்லாத அறை.
ஓரத்தைத் தொட்டாலே சொல்லிவிடுவேன்
எமல்ஷன் எந்தப் பக்கமென்று.
யார் யாருடைய கல்யாணமோ,
யார் யாருடைய நெஞ்செலும்போ,
வெறும் சுருளாக என் விரல் தாண்டிப் போயிற்று.

"பழைய போட்டோ இருந்தா கொடுங்க,
சுவர்ல பெருசா வரைஞ்சிடலாம்."
தேடினோம். பீரோ, டிரங்குப் பெட்டி,
ரேஷன் கார்டு வைத்திருந்த பை.
படச்சுருள் செய்த ஊரில்
ஊரின் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது:
மூடிய அன்று, கேட்டின் மேல் ஏறி
காளா போஜன் கொடியோடு நிற்கிறார்,
வாய் முழுக்கத் திறந்திருக்கிறது.
பையன் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"இது வேணாம்க்கா. ரொம்ப நெகட்டிவா இருக்கு."
ஃபாக்டரிக்காரர்கள் நாங்கள் நாலு பேர்
சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது.
அவனுக்கு ஏனென்றே தெரியவில்லை, பாவம்.

ஷட்டருக்கெல்லாம் மஞ்சள் அடித்தார்கள்.
சுவரில் ஒரு மயில்.
எங்கள் மேட்டில் மயிலை நான் பார்த்ததில்லை.
கீழ்முக்கில், காலி இடமென்று நினைத்து,
ஆள் உயர இரும்பில் நிறுத்தினார்கள்:
ஒரு சிவப்பு இதயம், பிறகு
எ, ட, க், க, ம், பை.
மூன்று குடும்பம் நின்று படம் எடுத்தது.
நான்காம் நாள் இரவு ஒரு காட்டெருமை
முதுகு சொறிந்ததில்
'ம்' தன் புள்ளியை இழந்தது.

அது பரவாயில்லை.
காலி இடமில்லை அது,
ஏழு நாற்பது பஸ் திரும்பும் இடம்.
திரும்ப முடியாத பஸ்
மேல்ரோட்டிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போனது.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மேலேயே.
மருந்து வாங்குகிறவர்களும் மேலேயே.
மஞ்சள் ஷட்டர்களில் இரண்டு
ஆடி மாதத்துக்குள் மூடின.

நல்ல பேரோடு தனியாக நின்றோம்.

டிரைவர் மல்லன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.
கயிறு பிடித்து அளந்தோம்.
இதயம் இருக்கலாம். 'எ'யும் 'ட'வும் கூட.
மீதி நகர வேண்டும்.
கடப்பாரைக்கு ஹம்சாக்கா கடை,
தோளுக்குப் பழைய லோடிங் செக்ஷன்.
'பை'யைத் தூக்கும்போது காளா போஜன்
வாய் முழுக்கத் திறந்து கத்தினார்,
"ஏய், மெல்ல, மெல்ல!"
யாரும் படம் எடுக்கவில்லை. எல்லார் கையிலும் இரும்பு.

திங்கட்கிழமை மூடுபனி.
மஞ்சளும் தெரியவில்லை, மயிலும் தெரியவில்லை.
கண்ணை மூடி நின்றேன், பழைய பழக்கம்.
முதலில் கியர் மாற்றும் சத்தம்,
பிறகு டீசல் வாசனை,
பிறகுதான் இரண்டு விளக்கு.

பஸ் இறங்கி வந்து திரும்பியது.
ஐந்து பேர் இறங்கினார்கள்.
கைக்குழந்தையோடு இருந்தவள்
நேராக என் கடைக்கு வந்தாள்.
குடையா, ஸ்வெட்டரா என்று எழுந்தேன்.
"அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

நோட்டை எடுத்தேன்.
தீர்மானம் எண் ஐந்து.