ஐந்தை அழுத்தவும்

முதலில் ஒரு பெண் பேசுவாள்.
எந்த ஊர்க்காரி என்று சொல்ல முடியாத குரல்.
கவுண்டிச் சிறையிலிருந்து கட்டண அழைப்பு என்பாள்,
அழைப்பவர் பெயர் என்பாள்,
அங்கே ஒரு சின்னப் பள்ளம்.
அந்தப் பள்ளத்திலிருந்து என் தம்பி
"டார்ஸி" என்பான்.

பிடித்துக்கொண்டுபோன இரவில் பதிவானது அது.
மூக்கடைத்த குரல்.
பெயர் முடியுமுன் மூச்சு உடைந்து
"ஸி" பாதிதான் வரும்.

ஏற்க ஐந்தை அழுத்தவும்.
அழுத்தினால் வேறொரு டார்ஸி.
பீன்ஸில் உப்பே இல்லை என்பான்,
சீட்டாட்டத்தில் நான்கு நூடுல்ஸ் பொட்டலம் ஜெயித்தேன் என்பான்.
பதினோரு வாரமாக
ஒவ்வொரு தடவையும்
அழுதுவிட்டுத்தான் சிரிக்கிறான்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை.
கென்டக்கியின் இந்த மூலையில்
சிக்னல் கிடைக்கும் சில சுவர்களில் அதுவும் ஒன்று.
ஃபோனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது விதி.
ஏப்ரனுக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்திருக்கிறேன்.
அது அதிரும்போதெல்லாம்
முழங்கைவரை பிஸ்கட் மாவு,
அல்லது பக்கத்தில் மேற்பார்வைக்கார மிஸ் காடில்.
துடைத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுவதற்குள்
நின்றுவிடும்.
திருப்பி அழைக்க எண் கிடையாது.
கைப்பிடி உள்பக்கம் மட்டும் இருக்கிற கதவு,
அந்தச் சிறையிலேயே
அது ஒன்றுதான்.

ஒரு டாலர் தொண்ணூறு காசு கட்டினால்
மூன்று நிமிடக் குரலை அவனுக்கு விட்டுவைக்கலாம்.
முதல் தடவை
"நான்தான், வெல்டா" என்றேன்.
வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு?
மீதி நேரம் முழுக்க
எங்கள் ஃபிரிட்ஜ் முனகியது.
அதை இரண்டு தரம் கேட்டானாம்.

பிப்ரவரியில் ட்ரக் கிளம்ப மறுத்தது.
பானட்டைத் தூக்கி
ஃபோனை இன்ஜினுக்கு மேல் நீட்டிக்கொண்டு
பக்கத்து வீட்டு எல்பர்ட்டைச் சாவி திருப்பச் சொன்னேன்.
டக்.
டக்.
எல்பர்ட்டின் கெட்ட வார்த்தை ஒன்று.
டக்.
இந்தச் செய்தி பதிவு செய்யப்படும், கண்காணிக்கப்படும்.
யாரோ ஒரு காவலர்
காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு
எங்கள் ட்ரக்கின் விக்கலில்
குற்றம் தேடியிருப்பார், பாவம்.

ஞாயிறன்று அழைத்தான்.
பெயரைச் சொல்லி அழுதான், பிறகு வந்தான்:
"பேட்டரி இல்லை. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டு.
மெல்ல, வெல்டா.
என்னை ஸ்கூலுக்கு எழுப்புவாயே,
அப்படி இல்லை."
மெல்லத் தட்டினேன்.
புகை கக்கிக்கொண்டு உயிர் வந்தது.
அதை அவனுக்குச் சொல்ல
இன்னொரு டாலர் தொண்ணூறு.

விசாரணை ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது,
அப்புறம் ஜூனுக்கு.
வக்கீல் பெயர் மாறியது.
ஜாமீன் தொகை மாறவில்லை.

நேற்று மாலை அதிர்ந்தது.
மிஸ் காடில் சரக்கறையில் இருந்தாள்,
ஒரே ஓட்டத்தில் பின்வாசல்.
அதே பெண், அதே பாடம்.
பள்ளம் வந்தது.
கசாப்புக் கடை வரிசையில் சீட்டு எண் வாசிப்பதுபோல்
உள்ளிருந்து யாரோ
"டார்ஸி காம்ப்ஸ்" என்றான்.

"ஸி" முழுசாக இருந்தது.
குடும்பப்பெயரும் இருந்தது.
நடுங்கவில்லை,
எதுவும் கேட்கவில்லை,
வாடகை கொடுத்துக் குடியிருப்பவன்போல
அங்கே நின்றது அந்தக் குரல்.

எத்தனையோ இரவு வேண்டியிருக்கிறேன்,
அந்த அழுகை நிற்கட்டும் என்று.
நின்றபோது
குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே
முழங்கால் தளர்ந்து உட்கார்ந்தேன்.
முதல் இரவுப் பையனை
எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?

ஏற்க ஐந்தை அழுத்தவும், என்றாள்.
மறுக்க ஒன்பது.
கட்டைவிரலில் மாவு காய்ந்திருந்தது.
ஏற்க ஐந்தை.
மூன்றாம் முறை அவள் சொல்வதில்லை.

அழுத்தினேன்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றான்.
"கை ஈரம்" என்றேன்.
வேறு பிளாக்குக்கு மாற்றிவிட்டார்களாம்,
ஜன்னல் இருக்கிறதாம்,
ட்ரக் எப்படி இருக்கிறது என்றான்.