எண்பத்தேழு ஏ

ரிலேக்கு ஐந்து கால்.
முப்பது, எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு.
ஐந்தாவது நடுவில்: எண்பத்தேழு ஏ.
ஒன்றும் நடக்காதபோது
முப்பதைத் தொட்டுக்கொண்டிருப்பது அதுதான்.
சுருளில் கரண்டு ஏறினால்
நாக்கு ஒரு டிக்கோடு அதை விட்டுவிட்டு
எண்பத்தேழிடம் போய்விடும்.
கரண்டு நின்றால் திரும்பிவரும்.
இவ்வளவுதான் என் தொழில்.
மீதியெல்லாம் டேப் சுற்றுவது.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
மதியம் இரண்டு மணிக்கு
முனிரத்தினத்தின் வண்டியை
ஃபைனான்ஸ் பரந்தாமன் ஓட்டிவந்து நிறுத்தினார்.
முனிரத்தினம் பின்சீட்டில்,
தன் வண்டியில் தானே சவாரி வந்தவர் மாதிரி.
மூன்று ட்யூ பாக்கி.

"ஓடும்போதே நிக்கணும்.
போன்ல அமுக்கினா எங்க இருந்தாலும் நிக்கணும்.
டீசல் லைன்ல போடு."

எங்க இருந்தாலும் என்றால் எங்கே என்று
ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி யோசித்தேன்.
காட்பாடி பாலத்தின் நடுவில்,
பின்னால் மணல் லாரி,
கீழே விழுந்தாலும் நனையாத ஆறு.
மால்டாவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து
பாபுராவ் தெரு லாட்ஜில் படுத்திருப்பவரை
டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் விடியலில்
பரந்தாமன் பல் தேய்த்துக்கொண்டே அமுக்கலாம்.

என் கம்ப்ரசரும் அவர்கள் காசில் வந்ததுதான்.
மாசம் ஐந்தாம் தேதி நானும் கட்டுகிறேன்.
அதையும் யோசித்தேன்.
அதைத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

டெஸ்ட் லாம்ப்பால் ஒவ்வொரு வயராகத் தொட்டேன்.
சாவி முழுக்கத் திரும்பும்போது மட்டும்
ஒருமுறை எரிந்து அணைவது செல்ஃப் வயர்.
மஞ்சளில் கறுப்புக் கோடு.
வெட்டினேன்.
ஒரு முனை முப்பதுக்கு, மறு முனை எண்பத்தேழு ஏ-க்கு.
சுருள் விட்டுக்கொடுக்கும்போது பின்னால் உதைக்கும்,
விட்டுக்கொடுக்கிற எவரையும் போல.
அதற்கு ஒரு டையோடு,
வெள்ளிக்கோடு பாசிட்டிவ் பக்கம்.
தஸ்தகீர் டார்ச் பிடித்திருந்தான்.
டீசல் லைன் இது இல்லை என்று அவனுக்குத் தெரியும்.
வெளிச்சத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.

பரந்தாமன் போனை அமுக்கினார்.
பேனலுக்குள் டிக்.
சாவியைத் திருப்பினார்.
விளக்கெல்லாம் எரிந்தது, செல்ஃப் எடுக்கவில்லை.
"நின்னுடுச்சு பாத்தியா" என்றார்,
நின்றிருந்த வண்டியைக் காட்டி.
ஓடவிட்டு அமுக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.
எண்ணூறு ரூபாய். பில் வேண்டும் என்றார்.
இம்மொபிலைசர் வேலை என்று எழுதிக்கொடுத்தேன்.
பொய் இல்லை.

அன்று ராத்திரி முனிரத்தினத்துக்கு போன் போட்டேன்.
"ஓடுற வரைக்கும் ஓடும்.
அணைச்சா முடிஞ்சது."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "எனக்கும் அப்படித்தான்" என்றார்.
சிரித்தாரா என்று போனில் தெரியவில்லை.

ஆடியில் ஒரு காலை
எஞ்சின் ஓட ஓட வந்து நின்றார்.
"நேத்து சாயந்தரம் கிரீன் சர்க்கிள் திரும்பறப்ப
டிக்குனு கேட்டுச்சு.
அதுலேர்ந்து அணைக்கல."
ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடியை இறக்கிவிட்டு,
ஓடும் வண்டியிலேயே உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறார்.
பங்க்கில் அணைக்கச் சொல்வார்கள் என்று
கேனில் வாங்கி ஊற்றியிருக்கிறார்.
பின்சீட்டில் ஒரு பெண்,
மடியில் எக்ஸ்ரே கவர்,
எங்கே வந்திருக்கிறோம் என்று இந்தியில் கேட்டாள்.
"பாஞ்ச் மினிட்" என்றார் முனிரத்தினம்,
என்னைப் பார்த்து.

ஒரு ஜான் வயர் போதும்.
முப்பதையும் எண்பத்தேழு ஏ-யையும் வெளியே பிணைத்துவிட்டால்
ரிலே தன்பாட்டுக்கு அமுங்கிக்கொண்டிருக்கும்,
வண்டி தன்பாட்டுக்குக் கிளம்பும்.
யார் பிணைத்தது என்று கண்டுபிடிக்க
பரந்தாமனுக்கு அரை மணி ஆகும்.

டேஷ்போர்டின் மேல் கையை வைத்தேன்.
சூடு. லேசான நடுக்கம்.
உள்ளே நாக்கு
ஒன்றும் இணைக்காத எண்பத்தேழில் ஒட்டிக்கொண்டிருக்க,
அது தெரியாமல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

தஸ்தகீர் கேட்காமலே டார்ச்சைக் கொண்டுவந்தான்.
தேதி நான்கு.