பாஸ்

கொம்தார் வாசலில் இறக்கிவிட்டுப்
போய்விட்டது கம்பெனி பஸ்.
கடைசித் தடவை என்று ஓட்டுநருக்கும் தெரியும்.
ஹாரனை இரண்டு முறை தட்டினார்,
அவ்வளவுதான்.

தோள்பையில் ஒரு ஜோடிக் கம்பெனிச் செருப்பு,
திருப்பிக் கொடுக்க மறந்த பேர் அட்டை,
பதினேழு வருஷத்துக்கு ஒரு கவர்.
தவமலர் அழுதாள்.
ரோஸ்னா எல்லாரையும் நிற்கவைத்துப் படமெடுத்தாள்.
படத்தில் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் பஸ் வந்து நின்றது.
ஏறவில்லை.
வீட்டுக்கு இந்த நேரத்தில் போனால்
வீடு என்ன சொல்லும் என்று தெரியவில்லை.

சாலையைக் கடந்தால் கால்வாய்.
ஹொக்கியனில் இந்த இடத்துக்கு
ஊர்க்கோடி என்று பேராம்.
கோடியைத் தாண்டி ஊர் எப்போதோ போய்விட்டது,
பேர் மட்டும் விட்ட இடத்தில் நிற்கிறது.

நுண்ணாடி வழியாகவே பார்த்த கண் இது.
நகக்கண் அளவு சில்லில்
மயிரிழை வெடிப்பு இருந்தால் சிவப்பு மை,
இல்லையா, பாஸ்.
ஒன்றுக்கு நாலு விநாடி.
அட்டையைக் கொடுக்கச் சொன்னார்கள், சரி,
இந்தக் கண்ணை எங்கே கழற்றி வைப்பது?

கரைச்சுவரில் மூன்றாம் வரிசை,
இடமிருந்து ஐந்தாவது கருங்கல்
மூலை உடைந்திருக்கிறது.
உடைந்த இடத்தில் ஒரு பெரணிச் செடி.
பாஸ்.
தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம்,
ஆனாலும் மீன் தெரிகிறது.
பாஸ்.
கொம்தார் தலைகீழாகக் கிடக்கிறது,
எல்லா மாடியும் நெளிகிறது.
சிவப்பு மைக்குக் கை போகும்போது
ஓர் உடும்பு
அதன் நாற்பதாம் மாடியைக் கிழித்துக்கொண்டு
அக்கரைக்குப் போனது,
எந்த ஷிஃப்டுக்கும் பிந்தாத நிதானத்தில்.

சீனப் பையன் ஒருவன் ரொட்டி பிய்த்துப் போட்டான்.
காவலாளி "ஜாங்ஙான்" என்றார்.
அவர் முதுகு திரும்பியதும்
மிச்ச ரொட்டியை முழுசாகத் தள்ளிவிட்டான்.
மீன்மேல் மீன் ஏறிப் புரண்டது.
காவலாளி என்னைப் பார்த்தார்.
நான் எதையும் பார்க்கவில்லை.
பதினேழு வருஷத்தில் முதல் முறை.

அப்புறம் கால்வாய்
சாலைக்கு அடியில் நுழைந்துகொண்டது.
கடல்வரை இனி அதன் வேலை இருட்டில்.
நான் மேலே, கார்னர்வன் தெரு வழியாக.
செத்தவர்களுக்கு எரித்து அனுப்பக்
காகித வீடு, காகிதக் கார் விற்கிற கடை.
காகிதக் கைப்பேசியும் இருந்தது,
டப்பாவோடு, சார்ஜரோடு.
உள்ளே சில்லு கிடையாது.
யாரும் திருப்பி அனுப்பியதும் கிடையாதாம்.
நின்று சிரித்தேன்.
கடைக்காரரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

சூலியா தெருவைத் தாண்டி இரண்டு திருப்பம்.
முதலில் சத்தம் வந்தது,
தெரு பிறகுதான் வந்தது.
மூன்று கடை, மூன்று பாட்டு,
எந்தப் பாட்டுக்கும் இடம் விடாத மோட்டார் சைக்கிள்கள்.
எண்ணெயில் விழுகிற வடை.
சாம்பிராணி, நனைந்த கதம்பம்,
யாரோ சிந்திய ரோஸ் சர்பத்.
சுத்த அறையில் வாசனை கூடாது.
பவுடர் கூடாது, பூ கூடாது, மை கூடாது,
கையில் எதுவும் கூடாது.

வளையல் கடை ஷமீலாவுக்கு என்னைத் தெரியாது,
ஆனாலும் கேட்டாள்:
"வேல முடிஞ்சிருச்சாக்கா?"

எல்லாரிடமும் கேட்பதுதான்.
மாலையானால் இந்தத் தெருவில் வணக்கமே அதுதான்.
தொண்டையில் ஏதோ வந்து நின்று
போனது.
"முடிஞ்சிருச்சு."
"அப்ப கைய நீட்டுங்க."

பச்சைக் கண்ணாடி, ஒரு டஜன்.
ஏழாவதில் ஊசிமுனைக் காற்றுக்குமிழி.
எனக்கு மட்டும்தான் தெரியும்.
நாலு விநாடி பார்த்தேன்,
இன்னும் நாலு விநாடி பார்த்தேன்.
போட்டுவிடச் சொன்னேன்.
ஒன்பதாவது மணிக்கட்டில் உடைந்தது,
துளி ரத்தம்.
"அதுக்குக் காசு வேணாங்கா" என்றாள்.

வடை தின்றேன். கவரைப் பிரிக்கவில்லை.
இருட்டியபின் பஸ்ஸில் ஏறிக்
கம்பியைப் பிடித்தபோது
ஏதோ கிணுகிணுக்கிறதே என்று
திரும்பிப் பார்த்தேன்.

என் கைதான்.