ஆடி மாதத்து வெள்ளை

எஷோவே தேவாலயத்தில் பழைய சாமான் விற்றார்கள்.
இரண்டு ஜோடிச் சறுக்குக் கட்டைகள், நூற்றிருபது ரேண்ட்.
நார்வேயிலிருந்து வந்த பாதிரியாருடையவையாம்.
கரும்புக் காட்டு நடுவே,
சட்டை முதுகில் ஒட்டும் ஊரில்,
சாகும்வரை பரணில் வைத்து
வருஷத்துக்கொருமுறை எண்ணெய் பூசியிருக்கிறார் மனுஷன்.
எதற்கு என்று கேட்க ஆளில்லை.
கோகிலம் பேரம்கூடப் பேசாமல் வாங்கினாள்.

பிறகு ஏழு வருஷம் மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் கராஜில்,
புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால்.

போன ஆடி. இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள்.
விடியுமுன் ஜபுலானியின் போன்.
அண்டர்பெர்க்கில் பால்மாடு வைத்திருப்பவன்,
என் கடையில்தான் குடற்புழு மருந்து வாங்குவான்.
"வேலிக் கம்பி தெரியவில்லை" என்றான்.
அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

கார் கூரையில் கட்டைகளைக் கிடத்திக் கயிறு சுற்றுகையில்
பாடை மாதிரி இருக்கிறது என்றேன்.
வாயைக் கழுவு என்றாள்.
நேற்றைய மாரியம்மன் கூழைச் சுடவைத்துப்
பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டாள்,
சின்ன வெங்காயம் தனியே, தாளில்.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள்
ஆடியில் மாட்டுக் கொட்டகையே காணாமல் போவதைப்
பார்த்திருக்க மாட்டார்கள்.
கூரைத் தகரத்தின் ஒரு விளிம்பு, ஒரு புகை,
மீதிப் பண்ணை முழுக்கச் சலவைக்குப் போயிருந்தது.

கட்டையின் தோல்வார் தொட்டதும் அப்பளமாய் நொறுங்கியது.
வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றால்
எங்கள் பூட்ஸைக் கட்டையோடு பிணைத்தவன்
கன்றுக்குப் போடும் அதே முடிச்சைத்தான் போட்டான்.

இடது. வலது. விழு.
இடது. விழு.
ஐம்பத்தெட்டு வயதையும்
ஒவ்வோர் எலும்பாய் எண்ணிக்கொண்டு போனேன்.
ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள் முன்னே போனாள்,
துணியில் கத்தரிக்கோல் போகிற மாதிரி.
பின்னால் இரண்டு நேர்கோடுகள்.
அதில் நான் நூலாய், சிக்கிச் சிக்கி.

புல்நுனியில் நிற்பதும் பனி.
காலையில் சாலையை மறைப்பதும் பனி.
கண்ணில் நீர் கோத்தால் பனித்தது என்கிறோம்.
முழங்கால்வரை விழுங்கிவிட்டு
உள்ளே நீலமாய் இருக்கும் இதற்கும்
அதே சொல்தான் என்னிடம்.
கேட்டருகே ஜபுலானி நாவைச் சொடுக்கி ஒரு சொல் சொன்னான்.
நாலு தலைமுறையாகியும் எனக்கு அந்தச் சொடுக்கு வராது.

மூக்குப் பாறை என்று அவன் சொன்ன இடம் வந்தது.
எட்டிப் பார்த்தால் உம்சிம்குலு ஆறு,
யாரோ அவசரத்தில் அவிழ்த்தெறிந்த கறுப்பு நாடா.
வீடு இருக்கும் திசையைக் காட்டினேன்.
அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கூழ் இன்னும் சூடு. புளிப்பு பல்லில் ஏறியது.

கால் ஆறட்டும் என்று கயிற்றை அவிழ்த்திருந்தாள்.
இடது கட்டை மெதுவாக,
யாரும் தள்ளாமல்,
நகர்ந்தது.
நான் கை நீட்டியிருக்கலாம். கையில் கூழ்.
விளிம்பைத் தாண்டி, சரிவில் ஒரு வளைவு,
இன்னொரு வளைவு,
எங்களில் யாருக்கும் அன்று வராத அழகோடு
பள்ளத்தாக்குக்குள் போனது.

"அதுக்குத் தெரியுது" என்றாள்.
சிரித்தாளா, தெரியவில்லை.
கண் பனித்திருந்தது. காற்று அப்படி.

இறங்கும்போது என் இடதை அவளுக்குக் கொடுத்தேன்.
கொடுத்த பிறகுதான் உறைத்தது,
வலதை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.
இரண்டு வலதையும் தோளில் போட்டுத்
தொடைவரை புதைந்து நடந்தேன், மூன்று மணி நேரம்.
கீழேயிருந்து அவள் இரண்டு முறை கூப்பிட்டாள்.
மூன்றாம் முறை கூப்பிடவில்லை.

செப்டம்பரில் ஜபுலானி மருந்து வாங்க வந்தான்.
கட்டை ஓடைக்கரையில் கிடந்ததாம்.
கன்றுப் பட்டிக் கதவுக்குத் தாழாகப் போட்டிருக்கிறான்,
கச்சிதமாக இருக்கிறதாம்.
ஜோடி இருந்தால் கொடு, இன்னொரு கதவு இருக்கிறது என்றான்.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று ராத்திரி கராஜில் விளக்கெரிந்தது.
தையல் மெஷின் எண்ணெய் வாசனை.
நான் உள்ளே போகவில்லை.