வெற்று எடை

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கினால்
இடதுகைப் பக்கம் எங்கள் எடைமேடை.
கன்டெய்னர் லாரி ஏறி நிற்கும்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் பட்டனைத் தட்டுவேன்.
சுமையோடு ஒரு சீட்டு.
இறக்கிவிட்டு வந்தால் இன்னொரு சீட்டு.
அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கு.
ஒன்பது வருசத்தில்
கழித்தல் ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை.

பரிதி இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
ராயபுரம் ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.
அவனைக் கழித்தேன்.
தண்ணீரைக் கழித்தேன். நஞ்சுக்கொடியைக் கழித்தேன்.
ஏழு மாதத் தூக்கத்தையும் கழித்தேன்.
வரவேண்டியது ஐம்பத்தாறு.
நிற்கிறது அறுபத்தெட்டு.

தொப்புளுக்குக் கீழே ஒரு மடிப்பு,
சரக்கு இறக்கிய வண்டியில்
இழுத்துக் கட்டாமல் விட்ட தார்ப்பாய் மாதிரி.
நான் உட்கார்ந்தால் என் மடியில் அதுவும் உட்காரும்.
பிள்ளையை வைக்கும்போது
கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும்.

அதற்கும் கீழே தையல்.
தையலுக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு
தொட்டால் என் தோல் என்று தெரியாது.
ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவளின் கை
தெரியாமல் பட்டுவிட்டதுபோல
என் கையே என்மேல் பட்டு
விலகிக்கொள்கிறது.

கொள்ளு ரசம் நாற்பது நாள்.
சீரகத் தண்ணீர், இன்னும் நிறுத்தவில்லை.
பெல்ட் ஒன்று, ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
அதைக் கட்டினால் வயிறு உள்ளே போகாமல்
மேலேறி விலாவில் குடிவைத்தது.
கீழ்வீட்டு ஷம்ஷாத் சொன்னாள்:
"பச்ச உடம்புலயே இறுக்கிக் கட்டியிருக்கணும்மே.
வுட்டுட்ட."
மாமியார்,
"தானா பொறந்திருந்தா..." என்று தொடங்கி
மிச்சத்தைக் காபியோடு சேர்த்து ஆற்றினார்.
தணிகை ஒன்றும் சொல்லவில்லை.
இருட்டில் என் கை அவன் கையைத் தடுத்த இடத்தில்
அது நின்றது.
மேலே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

ஜெனோவா சிஸ்டர்தான்
படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி,
வயிற்றின் நடுவே விரலை இறக்கிப் பார்த்தார்.
"ரெண்டு விரல் விலகியிருக்கு.
சதை பிரிஞ்சிருக்குமா, அவ்ளோதான். ஓடாத, குதிக்காத.
மூச்ச மெதுவா வுடு.
வுடும்போது தொப்புள முதுகாண்ட அனுப்பு."
"தோலு?" என்றேன்.
"அது அதோட இஷ்டம்."

இப்போது
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில்
தொப்புளை முதுகுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
மணலிக் காற்று அடிக்கும் நாளில்
மூச்சை எண்ணுவது கஷ்டம்.
மூன்று வாரத்தில் ஒரு விரல் கூடியது.
மடிப்பு மட்டும் அப்படியே.

போன செவ்வாய், பஸ்ஸில்,
மீன் கூடையைக் காலுக்குள் இடுக்கியிருந்த அம்மாள்
என்னைப் பார்த்து எழுந்தார்.
"குந்து கண்ணு. எத்தினி மாசம்?"
"ஏழு."
பொய்யில்லை.
தேரடி வரைக்கும் உட்கார்ந்தே வந்தேன்.
கால் வலி அப்படி.

நேற்று சாயங்காலம் ரோடெல்லாம் டிராபிக்,
ஒரு மணிநேரம் வண்டியே வரவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையின் நடுவில் போய் நின்றேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு.
வேலைக்குச் சேர்ந்த அன்று விளையாட்டாய் நின்றிருக்கிறேன்.
அப்போது ஐம்பத்தாறு நான்,
பலகை அறுபது என்றது.
இருபது இருபதாகத்தான் இதற்கு எண்ணத் தெரியும்.
நேற்றும்
சிவப்பு எழுத்தில் அறுபது.

சிரிப்பு வந்துவிட்டது.
நான் சிரித்து முடித்த பிறகும்
வயிறு கொஞ்ச நேரம் சிரித்தது.
அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்,
உணர்ச்சி இருக்கும் இடமும் இல்லாத இடமும் சேர்த்து.

ஹாரன்.
"மேடம், ஓரமா வாம்மா, வண்டி ஏத்தணும்!"
ஜாக்கெட் நனைந்திருந்தது.
பால் கொடுக்கும் நேரம் ஆகிவிட்டது.
வீடு போக இன்னும் பதினொரு சீட்டு.