கழித்தது போக

அல்சூர் ஏரிக்கு எதிரே
பசவராஜின் ஜெராக்ஸ் கடையில்
நேற்று மாலை ஆறே காலுக்கு
என் கணவருக்குப் பதினெட்டு வயதானது.

முப்பத்தெட்டில்
படையில் இருந்த பதினேழைக் கழி,
விதிப்படி மேலும் மூன்றைக் கழி.
கணினி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது.
படையில் சேரும்போதே இவருக்குப் பத்தொன்பது.
ஆக, இன்னும் சேரவே இல்லை.
துப்பாக்கியைத் தொட்டதில்லை,
ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலம் பூட்டியதில்லை,
இடது சுண்டுவிரல் நுனி
இரண்டு சட்டங்களுக்கு நடுவே போகவில்லை.
என்னைப் பெண் பார்க்க வர
இன்னும் ஏழு வருஷம் கிடக்கிறது.

"கங்கிராட்ஸ் சார்" என்றார் பசவராஜ்,
சூடாக வந்த நகலை விசிறிக்கொண்டே.

அடுத்து நான்.
அதே அலுவலகம், அதே எழுத்தர் வேலை,
உச்ச வயது இருபத்தெட்டு.
சுகந்தி குணசீலன், பி.எஸ்சி., பி.எட்.,
முப்பத்தாறு.
முன் அனுபவம்:
ஜோத்பூர் பள்ளியில் எட்டு மாதம்.
தேஜ்பூரில் ஒரு வருஷம் இரண்டு மாதம்.
பதான்கோட்டில் ஐந்தே மாதம்;
அரைப்பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடிக்கவில்லை,
மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.
கருப்பு டிரங்குப் பெட்டியில்
பழைய ஊரின் மேல் பெயின்ட் அடித்து
புது ஊரை எழுதினோம்.
அந்தப் பெட்டியைச் சுரண்டினால்
என் பயோடேட்டா தெரியும்.

'இடைவெளிக்குக் காரணம்' என்று ஒரு கட்டம்,
நூறு எழுத்துக்குள்.
ரயில் என்று எழுதலாமா?
"ஹஸ்பெண்ட் டிரான்ஸ்ஃபர்னு போடறேன் மேடம்,
ஜாஸ்தி எழுதினா ஏத்துக்காது."

பிறகு ஒரு பட்டியல் கீழே விரிந்தது.
கணவரின் நிலை:
பணியில் உள்ளார்.
ஓய்வு பெற்றார்.
மூன்றாவதை நான் வாசிக்கவில்லை.
அதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்,
வயதுத் தளர்வு உண்டு என்று.
பசவராஜின் சுட்டி
அதன் மேல் ஒரு கணம் நின்று
சுட்டதுபோல் விலகியது.
இவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அது ஓடவில்லை.

இரண்டாவது, என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சிவப்பாக வந்தது பதில்.
வரட்டும்.
தேஜ்பூரில் ஒரு ராத்திரி
யூனிட் ஜீப் வந்து நின்றது எங்கள் வாசலில் அல்ல,
அடுத்த குவார்ட்டர்ஸில்.
அது தெரிந்த நொடியில் எனக்கு வந்த மூச்சு;
அதற்காகவே
மூன்று நாள் சோறு இறங்கவில்லை.
ஹர்ஜீத்துக்கு அந்த நட்சத்திரம்
இந்நேரம் உதவியிருக்கும்.
உதவியிருக்கட்டும்.

பிரிண்டுக்கு நாற்பது ரூபாய்.
என்னுடையதற்குக் காசு வேண்டாம் என்றார் பசவராஜ்;
கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மர்ஃபி டவுன் திருப்பத்தில் இவர் சொன்னார்,
"கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில
ஒப்பந்த டீச்சர் எடுக்கறாங்களாம்,
வயசு கேக்கல, பதினோரு மாசம்."
என் சாதனை பதினான்கு, என்றேன்.
சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்
வேகமாக நடந்தார்.
பதினெட்டு வயது நடை.
பாதி வழியில் நின்று,
கால் மாற்றி,
என் அடிக்கு வந்தார்.

ராத்திரி தேர்வுப் புத்தகம் விரிந்திருந்தது.
ஆறு பேர் பன்னிரண்டு நாளில்
ஒரு பாலத்தைக் கட்டினால்
ஒன்பது பேர் எத்தனை நாளில் கட்டுவர்?
"எந்த ஆறு?" என்றார்.
"தண்ணி எவ்வளவு வேகம்?
அக்கரையில நம்ம ஆளுங்க இருக்காங்களா?"
எட்டுனு டிக் பண்ணுங்க, என்றேன்
குக்கரை இறக்கியபடி.
டிக் பண்ணினார்.
காலையில் புத்தகத்தை எடுத்து வைக்கும்போது பார்த்தேன்,
ஓரத்தில் பென்சிலால்
பொடி எழுத்தில்:
மழை இல்லையென்றால்.