கழிவு வீதம்

கொட்டகலை மழைக்குச் சுவர் வியர்க்கும்.
ஒட்டிவைத்த ஆங்கிலச் சொற்கள்
ஒவ்வொன்றாய்க் கழன்று
அரிசி வாளிக்குள் விழுந்தன.
சிக்கனம் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஆறு சொல்.
அந்த ஒன்றை மட்டும்
நான் படிக்க வேண்டியிருக்கவில்லை.

கரண்ட் இல்லாத வருடம் அது.
ஏழரைக்குப் போனால் பத்துக்கு வரும்.
நடுவில் மெழுகுதிரி,
எதிரெதிரே ஓடிவரும் இரண்டு ரயில்,
எத்தனை மணிக்குச் சந்திக்கும் என்ற கணக்கு.
எங்கள் பாதையில் ஒரே தண்டவாளம் ஐயா,
ஒன்று நின்றால்தான் மற்றது போகும்
என்று ஓரத்தில் எழுதிவைத்தேன்.

கட்டணம் டாலரில்.
இருநூறு ரூபாயாக இருந்த நாளில்
சேர்க்கத் தொடங்கிய காசு,
டாலர் முந்நூற்றறுபதுக்கு ஏறியதும்
பாதிவழியில் நின்றது.
நாணயமாற்று இடர்:
டியூட்டரியில் அந்தப் பாடத்தை நடத்தியதே நான்தான்.

கிங்ஸ்லி ஒன்றும் கேட்கவில்லை.
பெற்றோல் கியூவில் மூன்று இரவு படுத்து வந்தவன்
ஆட்டோ சீட்டைத் தூக்கி
ரப்பர் வளையம் போட்ட கட்டை
எண்ணாமல் தந்தான்.
நான் எண்ணினேன். முப்பத்தைந்தாயிரம்.
"திருப்பித் தருவேன்டா."
"வட்டியோட தா அக்கா, நீதானே அதுக்குப் படிக்கிற."

கொழும்பில் நாலு மணி நேரம்.
ஏசிக் குளிருக்கு மற்றவர்கள் நடுங்கினார்கள்.
கணிதம் நூற்று அறுபத்தெட்டு.
ஆங்கிலம், விடுங்கள்.
மூன்று பல்கலைக்கழகங்கள் வருந்தின.
நாலாவது வரவேற்றது,
பணம் மட்டும் இல்லை என்றது.
அந்தக் கடிதத்தை பிரேம் போடலாமா என்று
அம்மா கேட்டா.
நான் பேராதனைக்கு பஸ் ஏறினேன்.

முதல் வருடம் முழுக்க நிறுவல்கள்.
நாளைய பணத்தை இன்றைக்குக் கொண்டுவர
வெட்டுவதற்குப் பெயர் கழிவு.
அம்மாவுக்கும் தெரியும் அந்தச் சொல்:
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று,
தராசடியில் தினமும்.
அங்கே யாரும் நிறுவிக் காட்டியதில்லை.

தகுதிகாண் பரீட்சையில் நாற்பத்தொன்று.
ஐம்பது வேண்டும்.
"முதலீட்டாளர் இடர் குறித்துக் கவலையற்றவர் எனக் கொள்க"
என்ற வரியில் நெடுநேரம் இருந்துவிட்டேன்.
இரண்டாம் தடவை,
கொள்ளச் சொன்னபடி கொண்டேன். சித்தி.

அதற்குள் இம்தியாஸ் விலகிப் போயிருந்தான்.
கம்பளைக்காரன், என்னிலும் கெட்டிக்காரன்,
இரண்டு பிள்ளை, லீசிங் கம்பனி வேலை.
அவன்தான் தரவு எடுத்துத் தந்தான்:
நாலாயிரத்து இருநூற்றுப் பத்து ஆட்டோக் கடன்,
பெயர் நீக்கி, முகவரி நீக்கி,
கட்டிய மாதம் பூச்சியம்,
தவறிய மாதம் ஒன்று.

பேராசிரியர் ஹேமாலி
திரையில் ஒரு வரியில் பேனாவை வைத்தார்.
ஹற்றன் கிளை. ஆண். வயது இருபத்தாறு.
தவணை பதினேழாயிரத்து ஐந்நூறு.
பதினான்கு மாதம் திகதிக்கு முன்பே கட்டியவன்.
மே, ஒன்று. ஜூன், ஒன்று.
பிறகு எல்லாம் பூச்சியம், அபராதத்தோடு.
"இது பிழையான தரவா? எடுத்துவிடலாமா?"

வெளியே மகாவலிப் பக்கம் வௌவால்கள்
மூங்கிலில் தலைகீழாய்ச் சண்டை போட்டன.
வருமானம், வயது, எரிபொருள் விலை, மாவட்டம்,
பதினொரு நிரல் இருக்கிறது என்னிடம்.
பன்னிரண்டாவதற்கு என்ன பெயர் வைப்பது?

"இல்லை மேடம். சரியான தரவுதான்."
"பிறகு ஏன் தவறினான்?"
"வழு உறுப்புக்குள் போகும்" என்றேன்.
அவர் தலையாட்டினார்.
எங்கள் துறையில் அது போதுமான பதில்.

இரவு விடுதி மாடியிலிருந்து அழைத்தேன்.
பின்னால் எஞ்சின் சத்தம், யாரோ இருமுவது.
"கிங்ஸ்லி, அந்த வருசம் மே மாசம்..."
"எந்த மே?" என்றான்.
"ஆஸ்பத்திரி ஹயர் ஒன்னு இருக்கு, வை.
ஏத்தத்துல சிக்னல் போயிரும்."

போயிற்று.
கையில் பேனா இருந்தது.
முப்பத்தைந்தாயிரம் என்று எழுதி
கீழே கோடு போட்டு
எந்த வீதம் என்று தெரியாமல்
விடியும்வரை